ஹம் நகரத்துத் தவறணைக்காரி

1

வருகிற ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில், இறந்தவர்களுக்காக வாசிக்கப்படும் பெயர்களுக்கு நடுவில் 'ஹெல்கா' என்று ஒரு பெயர் வரும். அவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. பெயர் கொடுக்கப் போனபோது, அதை எழுதுகிற பிலோமினா அக்கா பேனையை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆர் பிள்ளை இந்த ஹெல்கா? ஜெர்மன்காரியோ?"

"ஓம் அக்கா."

"வேதக்காரியோ?"

"வேதம்தான். ஆனால் எங்கட கத்தோலிக்கக் கோயில் இல்லை, மற்றக் கோயில். அவ அங்கையும் போய் நான் கண்டதில்லை."

"அப்ப உனக்கு என்ன முறை?"

"தவறணை முறை," என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. தவறணைக்காரி என்று எனக்குப் பெயர் வைத்தவரே அவர்தான். முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனால் ஹம் நகரத்தில் தமிழர்கள் சொல்கிற எதுவும் இரண்டு பூசைக்குள் உரியவரின் காதுக்கு வந்துவிடும். முதலில் கேட்டபோது எரிந்தது. இப்போது அது என் விலாசம் மாதிரி ஆகிவிட்டது. பேனையை எடுத்து ஹெல்காவின் பெயரை எழுதும்வரை மேசைக்கு முன்னாலேயே நின்றேன். எழுதினார்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களும் அந்தச் சொல்லைக் கேட்டு முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். அதனால் முழுவதையும் நானே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லிக் கேட்பதைவிட அது நல்லது.

2

இங்கே ஒவ்வொரு குடியிருப்பிலும் மூலைக்கு ஒரு க்னைப்பே இருக்கும். பியர் விற்கிற சின்னக் கடை. தவறணை என்று மொழிபெயர்க்கலாம், ஆனால் முழுச்சரியில்லை. கலியாண நாள், பிறந்தநாள், உதைபந்தாட்டம், செத்தவீட்டுச் சாப்பாடு எல்லாம் அங்கேதான் நடக்கும். மனைவியைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நாயையும் கூட்டிக்கொண்டு போவார்கள்.

எங்கள் ஊரில் கள்ளு விற்கிற தவறணை கடற்கரைக்குப் போகிற வழியில் இருந்தது. பெண்கள் அந்த இடத்துக்கு வந்தால் மட்டும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பி, நடையைக் கூட்டுவார்கள். நானும் அப்படித்தான் நடந்தேன். உள்ளே வாங்கு இருக்கிறதா, மேசை இருக்கிறதா என்றுகூடத் தெரியாமல்தான் பிளேன் ஏறினேன். ஜெர்மனிக்கு வந்த பிறகுதான் உள்ளே பார்த்தேன். பார்த்தால், பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஆண்கள் கால்களை நீட்டிக்கொண்டு, வீட்டில் சொல்லாததை அங்கேயும் சொல்லாமல் இருந்தார்கள்.

கால்வாய்க் கரைக்குப் பக்கத்தில் இருக்கும் 'ஷ்லொய்ஸெ' என்ற க்னைப்பேயில் நான் பல வருடம் சமையலறையில் நின்றேன். காலையில் முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கும் வேலை, பின்னேரம் இங்கே. முதலாளி ஹெல்கா பெரிய குரலும் கெட்ட முழங்காலும் உள்ள மனுசி. என் பெயர் ரெஜினா என்று சொன்னபோது, "நல்லது, எழுத்துக்கூட்டத் தேவையில்லை," என்றார். அதுதான் எனக்கு நடந்த வேலை நேர்முகம். என் ஜெர்மன் முழுவதும் அவரிடமும் கவுண்டரில் நின்றவர்களிடமும் கற்றதுதான். நல்ல ஜெர்மன் இல்லை என்று என் மகள் சொல்வாள்.

உலகக் கிண்ணப் போட்டி இந்த நாட்டில் நடந்த கோடையில் கடை நிரம்பி வழிந்தது. அது முடிந்த இலையுதிர் காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, ஹெல்கா கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "எனக்கு இனி ஏலாது. வருசம் முடிய விடுறன்."

(அவர்கள் ஜெர்மனில் பேசியதை எனக்குக் கேட்ட தமிழிலேயே எழுதுகிறேன். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் நீதான். ஆனால் என்னைவிட வயதானவர்களிடம் நான் பேசியதை எழுதும்போது என் கைக்கு நீ வருவதில்லை.)

அன்றிலிருந்து கடையில் வேறு கதை இல்லை. கட்டடமும் உரிமையும் ஒரு பியர் கொம்பனியுடையவை. கொம்பனி யாருக்குக் குத்தகைக்குக் கொடுக்கும்? சூதாட்ட மெஷின் வைக்கிற ஆட்கள் கேட்டிருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். சுவர் முழுக்க மினுங்குகிற மெஷின்களும் யன்னல்களில் கறுப்புக் கடதாசியும் வரப்போகின்றன என்று இன்னொருவர் சொன்னார். சிகரெட்டுக்குத் தடை வரப்போகிறது என்று பத்திரிகையில் வந்த செய்தியையும் அதனுடன் சேர்த்துப் பயந்தார்கள். நிலவறையில் பந்து உருட்டி விளையாடுகிற பாதையை மூடிவிடுவார்களா? ஷ்னிட்செல் என்கிற பொரித்த இறைச்சித் துண்டு அதே அளவில் இருக்குமா? ஆண்கள் கக்கூஸின் கதவை யாராவது கடைசியாகத் திருத்துவார்களா? அந்தக் கதவு ஒன்றுதான் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை. மற்றதெல்லாம் கவலை.

எல்லோரிலும் பெரிய கவலை க்ரூஸேக்கு. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பந்தயப் புறாச் சங்கத்தின் தலைவர். கோடையில் வெள்ளிக்கிழமைகளில் சங்கத்து ஆட்கள் புறாக்களைக் கூடைகளில் எங்கள் பின்முற்றத்துக்குக் கொண்டுவருவார்கள். அங்கிருந்து லொறி ஏற்றித் தூர ஊரில் பறக்கவிடுவார்கள். முற்றம் போனால் சங்கம் போய்விடும் என்று க்ரூஸே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"நீங்கள் ஒருத்தரும் எடுக்கமாட்டியளோ?" என்று ஹெல்கா கேட்டார். எல்லோரும் கிளாசுக்குள் பார்த்தார்கள். எல்லோருக்கும் கடை வேண்டும். அதை நடத்துகிறவர் மட்டும் வேறு யாராவதாக இருக்க வேண்டும்.

நான் சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றுகொண்டு, "நான் எடுக்கிறன்," என்றேன்.

கவுண்டர் மூலையில் மணிக்கூட்டுக்குக் கீழே இருக்கிற வில்லி மட்டும் கையைத் தட்டினார். சரக்கு ரயிலில் வேலை செய்து ஓய்வு பெற்ற தனிக்கட்டை. நான் இறைச்சி உருண்டையில் ரகசியமாக மிளகாய்த்தூள் போட்டதைக் கண்டுபிடித்து, அன்றிலிருந்து அதையே கேட்டு, வியர்க்க வியர்க்கத் தின்கிற மனுசன் அவர்.

க்ரூஸே மெதுவாகக் கேட்டார்: "பிறகு எல்லாம் கறி மணக்குமோ?"

"ஷ்னிட்செல் ஷ்னிட்செலாத்தான் இருக்கும், க்ரூஸே. இவ்வளவு காலமும் ஆர் பொரிச்சது எண்டு நினைச்சனீங்கள்?"

3

கொம்பனிக்காரர் லாங்கே மெல்லிய, நல்ல கோட்டுப் போட்ட மனிதர். ஹெல்கா அவரை இருத்திவைத்துப் பேசினார். கடைசியில் லாங்கே, ஆறு மாதம் நடத்திப் பார்க்கட்டும், ஜூன் முடிவில் சொல்கிறேன் என்றார். "வழக்கமா வாற ஆக்கள் வந்தால் கடை உங்களுக்கு. வராட்டி மெஷின்காரருக்கு." இதற்காக முதியோர் இல்ல வேலையை விட்டேன். இரண்டையும் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது.

பிறகு அரசாங்கக் கந்தோர்கள். டெர்மின் என்று அவர்கள் குறித்துத் தந்த நேரத்துக்குப் போனால் இன்னொரு டெர்மின் தருவார்கள். குற்றப்பதிவு இல்லை என்ற கடதாசி, வரி பாக்கி இல்லை என்ற கடதாசி, சாப்பாட்டுச் சுத்தம் பற்றிய வகுப்பில் இருந்தேன் என்ற கடதாசி. ஒவ்வொரு மேசையிலும் ஒரே கேள்வி வந்தது: "கடை நடத்தப்போறது உங்கட கணவரோ?" இல்லை, நான். "கணவரும் வருவாரோ?" வரமாட்டார், அவருக்குக் கம்பித் தொழிற்சாலையில் ஷிஃப்ட். ஒரு கந்தோரில் நான் பழக்கதோஷத்தில் அதிகாரியை நீ என்று பேசிவிட்டேன். க்னைப்பேயில் படித்த ஜெர்மனில் நீங்கள் என்ற சொல் நாக்கில் இருப்பதில்லை. மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கள் எண்டு கதையுங்கோ," என்றார். கதைத்தேன். ஆனாலும் கடதாசியை வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.

என் கணவர் ஜோசப் அதிகம் கதைக்கிறவர் இல்லை. "உனக்கு ஏலுமெண்டால் செய்," என்றார். மகள் அனித்தாவுக்குப் பதினாறு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். ஜெர்மனில் கேட்டால் தோளைக் குலுக்குவாள். "பள்ளிக்கூடத்தில உங்கட அம்மா என்ன வேலை எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்று இதை மட்டும் தமிழில் கேட்டாள், எனக்கு நன்றாக உறைக்க வேண்டுமென்று.

"விர்ட்டின், க்னைப்பே நடத்துறவ எண்டு சொல்லு. ஹெல்கா தன்னை அப்பிடித்தான் சொல்லுறவ."

தமிழ் ஆட்களின் பக்கமிருந்து பிலோமினா அக்கா வந்தார். "பிள்ளை, குமர் இருக்கிற வீடு. நாளைக்கு ஆரும் சம்பந்தம் பேச வந்தால் தாய் சாராயம் ஊத்துறவ எண்டெல்லோ சொல்லுவினம்."

"எங்கட ஆக்கள் கொண்டாட்டத்தில குடிக்கிறது என்ன அக்கா, தீர்த்தமோ?" என்று கேட்டேன். தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

தையில் திறந்தேன். முதல் வேலையாக ஆண்கள் கக்கூஸின் கதவைத் திருத்தினேன். வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், கோயில் திருவிழாவுக்குச் சோடனை பார்க்கிற மாதிரி. கறி மணக்கிறதா என்று மூக்கை நிமிர்த்திக்கொண்டு வந்த க்ரூஸே இரண்டு ஷ்னிட்செல் சாப்பிட்டார். மாசி, பங்குனி நன்றாகவே போயின.

4

சித்திரையில் வில்லி இறந்தார். காலையில் பாண் வாங்கப் போன இடத்தில் விழுந்தார், அவ்வளவுதான். சொந்தம் என்று இருந்தது வேறு ஊரில் சகோதரியின் மகள், ஒரு மருமகள் மட்டும். அடக்கம் முடிந்து எல்லோரும் ஷ்லொய்ஸெக்கு வந்து கோப்பி குடித்து, வெண்ணெய்க் கேக்கும் பாணும் சாப்பிடுவது என்று தீர்மானித்தார்கள். இது இங்கே வழக்கம். ஹெல்கா காலத்தில் பலமுறை நடந்திருக்கிறது. ஆனால் நான் அப்போது சமையலறையில் நின்றேன். பின்னேரம் கவுண்டரில் என்ன நடந்தது என்று பார்த்ததில்லை.

நான் இப்படி யோசித்தேன். வில்லிக்கு வீடு என்று சொல்லப் படுக்கிற அறை ஒன்றுதான் இருந்தது. அவர் வாழ்ந்த இடம் இந்தக் கடை. அப்படியென்றால் இன்றைக்கு இதுதான் செத்தவீடு. செத்தவீட்டுக்கு எது செய்ய வேண்டுமோ அதைச் செய்வேன்.

செத்தவீட்டில் அடுப்பு எரிவதில்லை. அதனால் கடை அடுப்பைப் பற்றவைக்கவில்லை. கேக்கையும் இறைச்சிச் சூப்பையும் என் வீட்டில் செய்தேன். ஜோசப் ஷிஃப்டை மாற்றி, சூப்புப் பானையைக் காரின் முன்சீற்றில் வைத்து, அதற்குப் பெல்ட்டும் போட்டுக் கொண்டுவந்தார். வில்லி இருந்த மூலைக் கதிரையில் ஒருவரையும் இருக்க விடவில்லை. ஆட்கள் நிறையச் சாப்பிட்டார்கள். அழுதார்கள், பிறகு வில்லியின் கதைகளைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு மனம் நிறைந்தது.

புறப்படும் நேரம் வந்தது. நான் கதவருகே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒருவர் பின் ஒருவராக, "ஔஃப் வீடர்ஸேன், ரெஜினா," என்றார்கள். மறுபடி காண்போம் என்று பொருள். நான் தலை மட்டும் குனிந்தேன். சாப்பாட்டுக்கு நன்றி என்றார்கள். அதற்கும் குனிந்தேன். வாருங்கள் என்றோ, சந்தோசம் என்றோ சொல்லவில்லை. எங்கள் ஊரில் செத்தவீட்டிலிருந்து கிளம்புகிறவர் போயிட்டு வாறன் என்று சொல்லமாட்டார். வீட்டுக்காரரும் வாங்கோ என்று சொல்லமாட்டார். அப்படிச் சொன்னால் இன்னொரு சாவுக்கு அழைப்பது போல. எழுந்து, ஒன்றும் பேசாமல், போய்விட வேண்டும்.

கடைசி ஆள் போனதும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவினேன். வாசற்படியிலும் ஊற்றினேன். கதிரைகளைக் கவிழ்த்து மேசைமேல் ஏற்றினேன். கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தலை முழுகினேன். எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டேன் என்ற நிம்மதியோடு தேத்தண்ணி குடித்தேன்.

5

க்ரூஸேயும் மற்றவர்களும் வில்லியின் மருமகளை ரயில் நிலையம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள். இங்கே வழக்கம் அதுதான். தூரத்து உறவுகள் போன பிறகு, பழகியவர்கள் மட்டும் கவுண்டரில் சேர்ந்து நின்று, போனவர் பெயரைச் சொல்லிக் குடிப்பார்கள். அவர்களுக்கு அதுதான் உண்மையான விடைகொடுப்பு. வந்து பார்த்தால் கதவு பூட்டு. படியில் தண்ணீர் ஓடுகிறது. எதிர்வீட்டு மனுசி யன்னலைத் திறந்து, அவர்கள் போன கையோடு நான் வாளி வாளியாக ஊற்றினேன் என்று சொல்லியிருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அடுத்த நாள் ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வெள்ளிக்கிழமை புறாக்கள் வந்தன. முற்றம் கூடைகளால் நிறைந்தது. ஆனால் ஆட்கள் உள்ளே வரவில்லை. சூப்பர்மார்க்கெட்டிலிருந்து ஒரு பெட்டி பியர் கொண்டுவந்து, என் முற்றத்தில், என் யன்னலுக்கு முன்னால் வைத்துக் குடித்தார்கள். நான் யன்னலுக்கு உள்ளே கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

விசயத்தை அனித்தாதான் கொண்டுவந்தாள். க்ரூஸேயின் பேத்தி அவளுடைய வகுப்பு. "அம்மா, நீங்கள் கழுவி ஊத்தினது தங்களை எண்டு நினைக்கினம்," என்றாள்.

"ஆர் சொன்னது?"

"எல்லாரும். வாசலில வழியனுப்பேக்கை நீங்கள் ஒரு ட்ஷூஸ்கூடச் சொல்லேல்லையாம். அது ஒரு சொல்லுத்தானே அம்மா. சொல்லியிருந்தால் என்ன? போய் மன்னிப்புக் கேளுங்கோ, முடிஞ்சுது."

ஜோசப்பும் அதையே சொன்னார். "லாங்கே ஞாயிற்றுக்கிழமை வாறாராம். க்ரூஸே கூப்பிட்டிருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு விடன்."

அன்றிரவு நான் சின்னம்மாவை நினைத்தேன். ஒரு செத்தவீட்டில், வாய்ப் பழக்கத்தில், "அப்ப போயிட்டு வாறன்," என்று சொல்லிவிட்டார் அவர். கொஞ்சக் காலத்தில் அதே வீட்டில் கிழவர் போனார், தொண்ணூறைத் தாண்டிய கிழவர். அதற்கும் சின்னம்மாவைத்தான் சொன்னார்கள். பிறகு எந்தச் செத்தவீட்டுக்குப் போனாலும் அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டுதான் வெளியே வருவார். அதை நினைத்துச் சிரித்தேன். சிரிப்பு முடிந்ததும் அப்பாவின் நினைவு வந்தது, அதற்குச் சிரிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை லாங்கே வந்தார். பின்னால் க்ரூஸேயும் வழக்கமான ஆட்களும் வந்து, இருக்காமல் நின்றார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஹெல்காவும் வந்து கவுண்டருக்கு முன்னால் அமர்ந்தார். அவர் அந்தப் பக்கத்தில் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வில்லியின்ர நாளில எங்களை வெளியில விட்டுப் பூட்டினனி," என்றார் க்ரூஸே.

"பூட்டினது உண்மை. நீங்கள் திரும்பி வருவியள் எண்டு எனக்குத் தெரியாது. எங்கட ஊரில செத்தவீட்டுக்குப் போனவை உடனே அங்கை திரும்பி வாறேல்லை. பூட்டினதுக்கு மன்னிப்புக் கேக்கிறன்."

லாங்கேயின் முகம் மலர்ந்தது. "அப்ப சரி, பிரச்சினை முடிஞ்சுது…"

"முடியேல்லை," என்றேன். "மற்றதுக்கு நான் மன்னிப்புக் கேக்கமாட்டன். வாசலில ஒருத்தருக்கும் நன்றி சொல்லேல்லை. ஔஃப் வீடர்ஸேன் சொல்லேல்லை. தண்ணி ஊத்திக் கழுவினன். இனி ஒரு செத்தவீடு இங்கை நடந்தாலும் அப்பிடித்தான் செய்வன்."

"இது ஜெர்மனி, ஃபிராவ் ரெஜினா," என்றார் லாங்கே, நல்ல மரியாதையோடு.

"தெரியும். இங்கத்தைய கந்தோர் எல்லாத்திலயும் எனக்கு அதைச் சொல்லித் தந்திட்டினம்."

ஹெல்கா இருமுவது போலச் சிரித்தார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"என்ர அப்பா செத்தபோது நான் இந்த ஊரில இருந்தன். எங்கட ஊரில சண்டை, பாதை பூட்டு. போகேலாது. வீட்டிலயிருந்து போன் எடுத்தினம். ஒப்பாரிச் சத்தம் கேட்டுது. கதைச்சு முடிய, வைக்கிறன் எண்டுகூடச் சொல்லாமல் போனை வைச்சன். செத்தவீட்டில விடைபெறக்கூடாது எண்டபடியால். அப்பாவுக்கு நான் செய்ய ஏலுமாயிருந்த ஒரேயொரு முறை அதுதான். வேற ஒண்டும் செய்ய ஏலாமல் போச்சு. வில்லிக்கும் அதைத்தான் செய்தன். அது அவமரியாதை எண்டு ஒரு கடைக்காக என்னாலை சொல்ல ஏலாது. மெஷின்காரருக்குக் குடுக்கிறதெண்டால் குடுங்கோ."

லாங்கே பேனையை மூடித் திறந்து மூடினார். க்ரூஸே தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். கடைசியில், பந்தய விதி கேட்கிற மாதிரி, கேட்டார்:

"அப்ப எப்ப திரும்பி வரலாம்?"

"என்ன?"

"செத்தவீட்டுக்கு வந்து போனவன் எப்ப திரும்பி வரலாம்?"

"வீட்டை போய்த் தலை முழுகிப்போட்டு வரலாம். முழுகினால் அது முடிஞ்சுது. ஆறு மணிக்குக் கதவு திறந்திருக்கும். இனி அது என்ர பொறுப்பு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். க்ரூஸே சிரிக்கவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். லாங்கே என்னிடம், "ஜூன் முடிவு. நான் ஆக்களைத்தான் பாப்பன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹெல்கா மட்டும் இருந்தார். "ஒரு பியர் தா," என்றார். ஊற்றிக் கொடுத்தேன். "நுரை காணாது," என்றார். பிறகு, "நான் செத்தால் எனக்கும் ஔஃப் வீடர்ஸேன் சொல்லாதே," என்றார்.

6

அதற்குப் பிறகு ஓரிருவர் திரும்பி வந்தார்கள். க்ரூஸே வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பியர்ப் பெட்டி முற்றத்தில் இருந்தது. ஜூன் கடைசிக் கிழமை நெருங்கியது. முதியோர் இல்லத்தில் என் பழைய இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பிலோமினா அக்கா கோயிலில் என்னைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையசைத்தார். அந்தப் பரிதாபத்தைவிடத் தவறணைக்காரி என்ற பெயரே மேல் என்று நினைத்தேன்.

அந்தக் கிழமைதான் ஹெல்கா போனார். ஆஸ்பத்திரியில், முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் போன இடத்தில், இதயம் நின்றது. மகன் தூர நகரத்திலிருந்து வந்தார். அடக்கத்துக்குப் பிறகு சாப்பாட்டை மயானத்துக்குப் பக்கத்தில் பெரிய உணவகத்தில் வைக்கலாம் என்று நினைத்தாராம். ஆனால் தாய் முதலே சொல்லி வைத்திருக்கிறார்: ஷ்லொய்ஸெயில் வைக்க வேண்டும், ரெஜினா செய்கிறபடி செய்ய வேண்டும்.

கடை அடுப்பைப் பற்றவைக்கவில்லை. கேக்கும் சூப்பும் வீட்டில் செய்தேன். ஜோசப் பானைக்குப் பெல்ட் போட்டார். அனித்தா பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கறுப்பு உடுப்போடு வந்து, நான் கேட்காமலே கோப்பி ஊற்றினாள். ஹெல்காவுக்கு வராமல் ஒருவராலும் இருக்க முடியவில்லை. முற்றத்தில் குடித்தவர்கள் எல்லோரும் உள்ளே வந்தார்கள். லாங்கேயும் கொம்பனியின் மலர்வளையத்தோடு வந்தார். அந்தப் பெரிய குரல் இல்லாமல் கடை எப்படி வெறிச்சென்று கிடக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு தரம் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பிறகு கதவருகே போய்க் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். நான் சொல்லமாட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது.

முதலில் எழுந்தவர் க்ரூஸே. தொப்பியை எடுத்தார். என்னிடம் வந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. தலை குனிந்தார். நானும் குனிந்தேன். வெளியே இறங்கிப் படியில் நின்றுகொண்டார். அவருக்குப் பின்னால் ஒருவர். பிறகு இன்னொருவர். கதிரைகள் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. லாங்கே என்னிடம் வந்து கையை நீட்டி, "ஔஃப் வீ…" என்று தொடங்கினார். படியில் நின்ற க்ரூஸே அவருடைய முழங்கையைப் பிடித்தார்.

"இங்கை அது சொல்லுறேல்லை," என்றார்.

கடைசி ஆள் போனதும் வாளியை எடுத்தேன். இரண்டாவது வாளியை அனித்தா எடுத்தாள். வாசற்படிக்கு அவள்தான் ஊற்றினாள். எதிர்வீட்டு யன்னல் திறந்தது. அனித்தா நிமிர்ந்து பார்த்து, ஜெர்மனில் "வணக்கம்" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் ஊற்றினாள். பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் முழுகினோம்.

ஆறு மணிக்குக் கதவைத் திறந்தேன். தெருவில் ஒருவரும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் லாங்கேயின் கார் மட்டும் நின்றது. அவர் உள்ளே இருந்தார், ஆட்களைப் பார்ப்பதற்காக. நான் கவுண்டருக்குப் பின்னால் போய், ஹெல்காவின் கிளாசை எடுத்துத் துடைத்தேன். துடைத்ததையே திரும்பவும் துடைத்தேன். இனி என்ன, துணி தோய்க்கிற வேலை வேறு எங்காவது கிடைக்கும், ஆனால் சொல்லவில்லை, அந்தச் சொல்லைச் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாசலில் நிழல் விழுந்தது. க்ரூஸே. அன்றைக்கு முழுவதும் நல்ல வெயில், ஒரு துளி மழை இல்லை. ஆனால் அவருடைய நரைத்த தலை ஈரமாக, சீப்புக் கோடு தெரிய வாரியிருந்தது. சட்டைக் கொலர் நனைந்து கழுத்தோடு ஒட்டியிருந்தது. அவருக்குப் பின்னால் புறாச் சங்கம். எல்லோருக்கும் ஈரத் தலை. மொட்டைத் தலைக்காரர் ஒருவர் தலையில் துவாயையே போட்டுக்கொண்டு வந்தார். கடை முழுக்கச் சவர்க்கார வாசம்.

"வாங்கோ," என்றேன், தமிழில். ஒருவரும் பொருள் கேட்கவில்லை. கவுண்டரில் வரிசையாக நின்றார்கள். "ஹெல்காவுக்கு," என்றார் க்ரூஸே. "வில்லிக்கும்," என்றார் துவாய்க்காரர்.

நான் முதல் கிளாஸை ஊற்றிக்கொண்டிருந்தபோது லாங்கே காரைவிட்டு இறங்கி வந்தார். க்ரூஸே திரும்பி, வாசலை மறித்துக்கொண்டு நின்று அவருடைய தலையைப் பார்த்தார். காய்ந்த தலை.

"நீ இன்னும் முழுகேல்லை," என்றார்.

லாங்கே சிரித்தபடி என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. நுரை அடங்குகிறதா என்று கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கொஞ்ச நேரம் படியில் நின்றார், பிறகு காருக்குத் திரும்பினார். ஒரு மணித்தியாலம் கழித்து மறுபடி வந்தபோது அவருடைய தலையிலிருந்து நல்ல கோட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. க்ரூஸே வழிவிட்டார். கையில் குத்தகைக் கடதாசி இருந்தது. அதிலும் ஒரு மூலை நனைந்திருந்தது.